தகர டிரம்முக்குள் புகாத ஒளி

2020 ஜூனில் மாமல்லபுரத்தை அடுத்த கொக்கிலமேடு குப்பத்துக் கரையில் மூடி இறுகிய தகர டிரம் ஒன்று ஒதுங்கியது. உள்ளே சீன எழுத்து அச்சிட்ட தேயிலைப் பொட்டலங்கள், 70-க்கும் மேல். அவற்றில் இருந்தது மெத்தம்பெட்டமைன் என்ற போதைப்பொருள் என்று ஆய்வகப் பரிசோதனையில் தெரிந்தது. இப்படி ஏதாவது பிடிபடும்போதெல்லாம் ஒரு பேச்சு காதில் விழும்: கையடக்க ராமன் கருவி இருந்தால் போதும், பிரிக்காமலே உள்ளிருப்பதைச் சொல்லிவிடும், கருவி பொய் சொல்லாது.

தவறான நம்பிக்கை இது. ஆளைச் சிறைக்கும் அனுப்பக்கூடியது.

அந்த டிரம்மையே எடுத்துக்கொள்வோம். கருவி லேசரைப் பாய்ச்சி, மூலக்கூறில் பட்டு நிறம் மாறித் திரும்பும் ஒளியைப் படிக்கிறது. 1928-இல் கல்கத்தாவில் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் கண்ட அதே சிதறல். ஏறக்குறைய கோடி ஒளித்துகளில் ஒன்றுதான் அப்படித் திரும்பும். கண்ணாடி பாட்டில், பாலித்தீன் பை என்றால் ஒளி போய்வரும். தகரத்தைத் தாண்டாது, தேயிலைப் பைகளில் வழக்கமாக உள்ள அலுமினியப் படலத்தையும் தாண்டாது. ஒளிபுகாத பிளாஸ்டிக் வழியே படிக்கும் புது வகைக் கருவிகள் வந்திருப்பது உண்மைதான். உலோகத்திடம் அவையும் தோற்கின்றன.

ஒளி புகுந்தாலும் சிக்கல் தீராது. வெள்ளைச் சர்க்கரையைக் காட்டினால் அதன் கோடுகள் ஊசி ஊசியாக எழும். அதே இடத்தில் கருப்பட்டித் துண்டை வையுங்கள். லேசர் பட்டதும் அதன் பழுப்புப் பொருள்கள் தாமே ஒளிரத் தொடங்கி, கோடுகளை மூழ்கடித்துவிடும். பழுப்பு ஹெராயினிலும் இதே தொல்லை. போதாததற்கு, கருவி தன் நினைவில் உள்ள பட்டியலோடுதான் ஒப்பிடும். பட்டியலில் இல்லாத பொருளை அதற்கு அடையாளம் தெரியாது.

2023 மே மாதம் செங்கல்பட்டு மாவட்டம் பெருக்கரணையிலும் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் மெத்தனால் சாராயம் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கருவியின் பக்கம் நியாயம் இருப்பது இங்கேதான். மெத்தனாலும் எத்தனாலும் தனித்தனிக் கோடு காட்டுபவை. தெளிந்த பாட்டிலைத் திறக்காமலே பிரித்தறியலாம். ஆனால் எத்தனாலில் மெத்தனால் கொஞ்சமாகக் கலந்திருந்தால் அந்தச் சின்னக் கோடு அடிபட்டுப்போய், திரையில் ‘எத்தனால்’ என்றே வரலாம். அதைப் பார்த்துவிட்டு ‘பயமில்லை’ என்று பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால், குடித்தவன் கண்ணுக்கும் உயிருக்கும் யார் பொறுப்பு?

முதல் சந்தேகத்தைக் கிளப்ப இந்தக் கருவி நல்ல துணை. சந்தேகத்தைத் தீர்க்க, போதைப்பொருள் சட்டத்தின் 52ஏ பிரிவு சொல்கிறபடி நடுவர் முன்னிலையில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பத்தான் வேண்டும். அறிக்கை தாமதமாகிறதா? ஆய்வகங்களுக்கு ஆள் போடுங்கள், இயந்திரம் வாங்கிக் கொடுங்கள். கரை ஒதுங்கும் டிரம்மை முதலில் தொடுவது பெரும்பாலும் குப்பத்து மீனவரின் கைதான். திரையில் மின்னிய ஒரு பெயரை மட்டும் நம்பி அந்தக் கையில் விலங்கு மாட்டாதீர்கள்.