குழலை அளக்கிற சட்டம் ஆளையும் அளக்கிறது

துப்பாக்கிச் சட்டம் எல்லாருக்கும் பொது என்கிறார்கள். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் எவனாக இருந்தாலும் குற்றம் என்கிறார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. இந்தப் பேச்சைப் போடியில், மெட்டுக்கு ஏறுகிற ரோட்டோரம் நின்று சொல்லிப் பாருங்கள். விடியுமுன்னே ஜீப்பில் அடைந்துகொண்டு ஏலத்தோட்டத்துக்குப் போகிற எங்கள் சேரிச் சனத்திடம், "உங்க வீட்ல துப்பாக்கி லைசென்ஸ் இருக்கா?" என்று கேளுங்கள். சிரிப்பார்கள். "தோட்டத்துக்காரர் வீட்ல இருக்கா?" என்று கேளுங்கள். சிரிக்க மாட்டார்கள்.

இது இன்றைக்கு நேற்று வந்ததல்ல. 1878இல் லிட்டன் பிரபு காலத்தில் வந்தது ஆயுதச் சட்டம். இந்தியன் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் வேண்டும்; வெள்ளைக்காரனுக்கு விலக்கு. பிறகு ராணுவம் பயன்படுத்திய மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிக்கான தோட்டா எதிரிகள் கையில் சேரக்கூடாது என்று .450 அளவுத் துப்பாக்கிகளை இந்தியாவுக்குள்ளும் சூடானுக்குள்ளும் கொண்டுவரத் தடை போட்டார்கள். வேட்டைக்கு வந்த துரைமார் துப்பாக்கியைக் கீழே வைத்தார்களா? இல்லை. 1907 வாக்கில் லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் .465, .470 என்று புது அளவுகளைக் கொண்டுவந்தன. கவனியுங்கள் தோழர்களே: தடை செய்ததைவிடப் பெரிய துப்பாக்கி! ஆனாலும் அது சட்டப்படி சுத்தம்.

.303 கதையும் இதுதான். ராணுவ அளவு என்பதால் குடிமக்களுக்குக் கூடாது. ஆகவே .315 என்று வேறொரு அளவு. அரசாங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையே அதைச் செய்து விற்றது. விசை அமைப்பெல்லாம் கிட்டத்தட்ட பழைய லீ என்ஃபீல்டுதான். எண் மட்டும் வேறு.

உலகம் முழுக்க இதே வித்தைதான். 1996 படுகொலைக்குப் பிறகு ஆஸ்திரேலியா, தானாகத் தோட்டா ஏறும் துப்பாக்கிகளையும் பம்ப் இழுக்கும் துப்பாக்கிகளையும் இறுக்கிப் பிடித்தது. லீவர் துப்பாக்கியை விட்டுவிட்டது. விசைக்குக் கீழே இருக்கும் பிடியைத் தள்ளி இழுத்தால் வெற்றுத்தோட்டா வெளியே விழுந்து அடுத்தது ஏறும். கௌபாய் காலத்துச் சாமான் என்று நினைத்தார்கள். 2015இல் துருக்கியிலிருந்து அட்லர் என்ற லீவர் ஷாட்கன் வந்து நின்றது, ஏழு எட்டுத் தோட்டா கொள்ளும்படி. பதறிப்போய் இறக்குமதியை நிறுத்தி, ஐந்து தோட்டாவுக்கு மேலே கொள்வதைக் கடுமையான பிரிவுக்குத் தள்ளினார்கள். பிரிட்டனிலும் அப்படித்தான்: தானியங்கிக்குத் தடை வந்ததும், லீவரைத் தட்டினால் தோட்டா ஏறுகிற துப்பாக்கி வந்தது. அதையும் 2019 சட்டம் தடை செய்தது.

சட்டம் அங்குலத்தை அளக்கிறது. காசுள்ளவன் அந்த அங்குலத்துக்குப் பக்கத்தில் ஒரு துப்பாக்கி செய்துகொள்கிறான். அங்குலத்தைத் திருத்தினால் மறுபடியும் செய்வான். காசில்லாதவனுக்குத் தொழிற்சாலை ஏது?

நம் 1959 சட்டத்துக்கு வருவோம். பிரிவு 13 என்ன சொல்கிறது? இருபது அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள வழவழப்புக்குழல் துப்பாக்கியைப் பாதுகாப்புக்கோ வேட்டை விளையாட்டுக்கோ கேட்டால் லைசென்ஸ் தரவேண்டும். பயிர்க்காவலுக்கு, குழல்வாயில் மருந்து போட்டு இடிக்கிற துப்பாக்கி தரவேண்டும். சரி. பயிர்க்காவலுக்குப் பயிர் வேண்டுமே? பயிருக்கு நிலம் வேண்டுமே? காய் எடுக்கிறவளுக்குப் பயிர் எது? மெட்டைத் தாண்டினால் கேரளம். அங்கே 2022 மே மாதம், பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தார்கள். சுடப்போவது லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவன். பன்றிக்குப் பயந்துகொண்டே செடிக்குள் குனிந்து காய் எடுப்பது நாங்கள்.

சொத்து இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் லைசென்ஸை மறுக்கக்கூடாது என்று பிரிவு 14 சொல்கிறது. எழுதினவர் கைக்கு வணக்கம். நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கியின் வாசலில் பன்னிரண்டு போர் துப்பாக்கி நிற்கிறது. பணத்துக்கு ஆபத்து உண்டு என்பதற்கு யாரும் சாட்சி கேட்பதில்லை. சேரிக்கு ஆபத்து என்றால் மட்டும் சாட்சி வேண்டும், ரசீது வேண்டும், பிணம் வேண்டும்.

குடகைப் பாருங்கள். குடகு இனத்தவருக்கும் ஜம்மா நிலம் உடையவருக்கும் லைசென்ஸிலிருந்தே விலக்கு. வெள்ளைக்காரன் கொடுத்ததை 1963இல் புதுப்பித்து, 2019இல் மறுபடி பத்தாண்டுக்கு நீட்டினார்கள். 2021இல் கர்நாடக உயர்நீதிமன்றமும் சரி என்றது. இனமும் நிலமும் சட்டத்தின் வாயிலேயே இருக்கிறது. அப்புறம் என்ன பொதுச்சட்டம்?

இப்போது எங்கள் பக்கத்துக் கதவு. வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995. விதி 3. வன்கொடுமை நடக்கும் என்று நம்பக் காரணமுள்ள பகுதியை மாநில அரசு அடையாளம் காணவேண்டும். தேவை எனக் கருதினால் அங்கே பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவர்களின் ஆயுத லைசென்ஸை ரத்து செய்து, ஆயுதத்தை அரசு கிடங்கில் வைக்கவேண்டும். அவர்களுடைய உறவினர், வேலையாள், நண்பர் பேரில் இருந்தாலும் விடக்கூடாது. கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்யவேண்டும். தேவை எனக் கருதினால் எங்களுக்கு லைசென்ஸும் தரலாம்.

அச்சில் இருக்கிறது அய்யா, அச்சில்! ஆனால் "தேவை எனக் கருதினால்" என்ற ரெண்டு மூணு வார்த்தையில் முழு விதியும் தூங்குகிறது. 1989இல் போடிப் பகுதி சாதிக் கலவரத்தில் எரிந்தபோது இந்த விதி கிடையாது. இப்போது இருக்கிறது. கருதவேண்டியவர்தான் கருதுவதில்லை.

முடியாத காரியமா? தேர்தல் அறிவித்தால் ஊரில் இருக்கிற லைசென்ஸ் துப்பாக்கியை எல்லாம் ஸ்டேஷனில் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்கிறார்கள். மிராசும் வரிசையில் நிற்கிறார். ஓட்டுப்பெட்டிக்குச் செய்ய முடிந்ததை உயிருக்குச் செய்ய முடியாதா? 2019 திருத்தத்தில் ஆளுக்கு ஒரு துப்பாக்கி போதும் என்றுதான் மசோதா வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் இரண்டாக்கினார்கள். அந்த எதிர்ப்புக் குரல் சேரியிலிருந்து கிளம்பவில்லை.

"அப்ப நமக்கும் துப்பாக்கி கேப்போம்ணே" என்று தம்பிகள் சொல்கிறார்கள். கோபம் நியாயம், வழி வேறு. 1997 டிசம்பர் 1இல் பீகாரின் லக்ஷ்மண்பூர் பாத்தேயில் 58 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். தண்டனை பெற்ற 26 பேரையும் 2013இல் பாட்னா உயர்நீதிமன்றம் விடுவித்தது. போலீசும் பத்திரமும் பணமும் எவன் பக்கமோ, அவன் பக்கம்தான் துப்பாக்கியும் பேசும். நாம் ஒன்று வாங்கினால் அவன் பத்து வாங்குவான். நம் கையில் இருப்பதைக் காட்டி நம்மையே உள்ளே தள்ளுவான். ஆகவே முதல் கோரிக்கை இதுதான்: அவன் கையில் இருப்பதை இறக்கு.

மாணவத் தோழர்களே, வேலை இருக்கிறது. எந்தெந்தப் பகுதி அடையாளம் காணப்பட்டது, அங்கே எத்தனை லைசென்ஸ் ரத்தானது என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடவேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் விதி 3ஐ எழுத்தாக வையுங்கள். பதில் "இல்லை" என்று வந்தால் அந்த "இல்லை"யை நகலெடுத்துச் சேரிச் சுவரெல்லாம் ஒட்டுங்கள். பதில் வராவிட்டால் மேல்முறையீடு போடுங்கள். குழலின் அங்குலம் அளக்கத் தெரிந்த அரசுக்கு, எங்கள் பயத்தின் அளவையும் எடுக்கத் தெரியட்டும்.