மென்னீரும் நம் கடமையும்

(பன்னிரண்டாம் வகுப்பு, அறிவியல் பிரிவு)

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது நம் முன்னோர் வாக்கு. பண்டத்துக்கு அது பொருந்தும், தண்ணீருக்குப் பொருந்துமா? கோவையில் வாழும் நமக்கு இதற்கு விடை சொல்ல எவரும் தேவையில்லை. சிறுவாணித் தண்ணீரை "நல்ல தண்ணீர்" என்கிறோம். ஆழ்துளைக் கிணற்று நீரை "உப்புத் தண்ணீர்" என்கிறோம். முன்னதில் பருப்பு பூப்போல் வேகிறது. பின்னதில் எவ்வளவு விறைப்பாக நிற்கிறது! சோப்பு நுரைக்க மறுக்கிறது. குழாய் வாயில் வெள்ளைப் பொருக்கு படிகிறது. துவைத்த சீருடை சில மாதங்களிலேயே பழுப்பேறிவிடுகிறது.

இத்தொல்லைக்கு மருந்து என்று இன்று பல வீடுகளில் மென்னீர்க் கருவியை, அதாவது வாட்டர் சாஃப்ட்னரை, வாங்கி மாட்டுகிறார்கள். இது வரமா, சுமையா? சில வீடுகளுக்கு இது உண்மையிலேயே பெரும் உதவி என்பதே என் கருத்து. ஆனால், அளக்காமல் வாங்குவதும், வாங்கியபின் கவனியாமல் விடுவதும், அதன் கழிவை அயலார் தலையில் கொட்டுவதும் தவறு என்று துணிந்து கூறுவேன்.

முதலில் நோயை அறிவோம். நிலத்தடி நீர் பாறைகளின் ஊடே ஊறி வரும்போது சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொள்கிறது. மதுக்கரைப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்துச் சிமெண்டு செய்வதை நாம் அறிவோம். இத்தகைய மண்ணின் அடியில் ஊறும் நீர் கடின நீராக இருப்பதில் வியப்பென்ன? மலைக்காட்டு மழைநீரோ அதிகம் கரைக்காமல் மென்மையாகவே வந்து சேர்கிறது.

கருவி செய்வது இதுதான். அதன் உருளைக்குள் கடுகளவு ரெசின் மணிகள் நிறைந்துள்ளன. மணிகள் சோடியத்தை ஏந்தி நிற்கும். கடின நீர் அவற்றினூடே பாயும்போது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பற்றிக்கொண்டு, அதற்கு ஈடாகச் சோடியத்தை நீரில் விடும். மணிகள் களைத்துப் போனதும் கெட்டியான உப்புக் கரைசலால் அவற்றைக் கழுவினால் மீண்டும் புத்துயிர் பெறும். ஆகவே இது வெறும் பண்டமாற்று. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குகிறதே அன்றி, தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் மொத்த அளவை இது குறைப்பதில்லை. கிருமிகளையும் கொல்வதில்லை. "சாஃப்ட்னர் மாட்டியும் தண்ணீர் கரிக்கிறதே!" என்று வருந்துவோர், கரிப்பு வேறு, கடினம் வேறு என்பதை உணர வேண்டும்.

எனவே முதற்கடமை, அளப்பது. இந்தியத் தர நிர்ணயப்படி (ஐ.எஸ். 10500, 2012) குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காவிடில் 600 வரை பொறுக்கலாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் சிறு கட்டணத்திற்குத் தண்ணீரைச் சோதித்துத் தருகிறார்கள். விற்பனையாளர் கையில் உள்ள மானி பெரும்பாலும் கரைந்த உப்பு அனைத்தையும் சேர்த்துக் காட்டுவது. கடினத்தன்மையைத் தனியே காட்டாது. அந்த எண்ணைக் கண்டு அஞ்சிக் காசோலை எழுதலாகாது. 150, 200 என்று இருக்கும் வீட்டிற்கு இக்கருவி வீண் செலவு. நீரைக் காய்ச்சினாலே தற்காலிகக் கடினம் படிந்துவிடும். பாத்திரத்தில் ஏறிய வெள்ளைப் படிவை எலுமிச்சைச் சாறோ வினிகரோ கரைத்துவிடும். செலவழிக்கும் பணத்திற்கு வீட்டில் வேறு தேவை இல்லையா?

இரண்டாவது, கணக்கு. லிட்டருக்கு 400 மில்லிகிராம் கடினமுள்ள நீரை ஒரு குடும்பம் நாளொன்றுக்கு 500 லிட்டர் மென்மையாக்குகிறது எனக் கொள்வோம். நீக்க வேண்டிய கடினம் நாளொன்றுக்கு 200 கிராம். அதற்கு ஏறக்குறைய 400 கிராம் உப்பு செலவாகும்; மாதம் 12 கிலோ! ஒரு லிட்டர் ரெசின், ஒருமுறை உப்பிட்டால் சுமார் 50 கிராம் கடினத்தைப் பற்றும். எனவே 25 லிட்டர் ரெசின் உள்ள கருவிக்கு ஆறு நாளைக்கு ஒருமுறை உப்புக் கழுவல் தேவை. இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். காந்தத்தைக் குழாயில் கட்டினால் போதும் என்போரும் உளர். அதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. தோல் நோய் தீரும் என்றும் சொல்வார்கள். இங்கிலாந்தில் கரப்பான் நோயுற்ற 336 குழந்தைகளிடம் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், மென்னீர்க் கருவியால் அந்நோய்க்குக் கூடுதல் பயன் காணப்படவில்லை.

மூன்றாவது, உடல்நலம். மேற்சொன்ன நீரை மென்மையாக்கினால் ஒவ்வொரு லிட்டரிலும் ஏறத்தாழ 184 மில்லிகிராம் சோடியம் கூடுகிறது. மூன்று லிட்டர் குடித்தால் 550 மில்லிகிராம். ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் சோடியத்தை நிறுத்துமாறு உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. அதில் கால்பங்குக்கு மேல் தண்ணீரிலேயே போய்விடுகிறதே! இரத்தக் கொதிப்புள்ள பாட்டியும் தாத்தாவும் நம் வீடுகளில் உண்டு. உணவில் உப்பைக் குறைத்து, தண்ணீரில் அதைக் கூட்டுவது என்ன நியாயம்? குடிக்கவும் சமைக்கவும் சிறுவாணி நீரே இருக்கட்டும். அதன் குழாயைக் கருவியோடு இணைக்கக் கூடாது. கீசருக்கும் குளியலுக்கும் துவைக்கவும் மட்டும் மென்னீர் போதும். கழிப்பறைக்கும் தோட்டத்திற்கும் கிணற்று நீரை அப்படியே விடலாம். சோடியம் மிகுந்த நீர் மண்ணை இறுக்கிச் செடிகளை வாட்டும். இவ்வாறு பிரித்துப் பயன்படுத்தினால் உப்புச் செலவும் பெரிதும் குறையும்.

நான்காவதே எல்லாவற்றிலும் பெரியது. அந்த உப்பு எங்கே போகிறது? கழுவிய உப்பு நீர் சாக்கடைக்குச் செல்கிறது. பாதாளச் சாக்கடை இல்லாத பகுதிகளில் உறிஞ்சு குழிக்குள் இறங்குகிறது. அங்கிருந்து அண்டை வீட்டார் கிணற்றை அடைய எத்தனை நாள் ஆகும்? ஐம்பது வீடுள்ள தெருவில் அனைவரும் கருவி வைத்தால், மேற்கண்ட கணக்குப்படி ஆண்டுக்கு ஏழு டன் உப்பு! நமது நொய்யல் ஆறு நமக்கு ஒரு பாடம். சாயக் கழிவின் உப்பு ஆற்றிலும் வயலிலும் ஏறி, உழவர் வழக்காடி, 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதை மறக்கலாமா? வீட்டின் பங்கு சிறியதுதான். ஆயினும் ஆலை செய்தால் குற்றம், நாம் செய்தால் வசதி என்று சொல்வது நேர்மையாகுமா? நம் வீட்டுத் தண்ணீர் இனிக்க, அயலார் தண்ணீர் கரிக்க வேண்டுமா?

தேவையென்று கண்டு வாங்கியவர்கள் செம்மையாக நடத்தட்டும். மண் கலந்த மலிவு உப்பு ரெசினை அழுக்காக்கும். அயோடின் சேர்த்த தூள் உப்பும் வேண்டாம். தூய கல்லுப்பு நல்லது. உப்புத் தொட்டியில் மேல்பகுதி பாறையாக இறுகி, அடியில் வெற்றிடம் விழுவதுண்டு. குச்சியால் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். தண்ணீரில் இரும்பு இருந்தால் ரெசின் பழுப்பேறிப் பயனிழக்கும். அதை முன்னரே நீக்க வேண்டும். வாரம் ஒருமுறை சோதனைத் துளி இட்டுப் பார்த்தால் உண்மை புலப்படும். நீர் நீலமாயின் மென்மை. சிவந்தால் உப்பிட வேண்டிய நேரம். இவற்றையெல்லாம் அப்பாவோ மெக்கானிக்கோ பார்த்துக்கொள்வார் என்று நாம் விலகி நிற்பது சரியன்று. கடின நீரில் பாத்திரம் தேய்த்துத் தேய்த்துக் கை வெடிப்பவர் நம் அம்மாதான். உப்பு மூட்டையைத் தூக்கிக் கொட்டுபவரும் பெரும்பாலும் அவரே. அக்கருவியை இயக்கும் அறிவு நமக்கும் வேண்டும்; அவ்வேலையில் நம் அண்ணன் தம்பியருக்கும் பங்கு வேண்டும்.

மென்னீரை வானமே இலவசமாகத் தருகிறதே! 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. எத்தனை வீடுகளில் அக்குழாய் இன்று அடைபட்டுக் கிடக்கிறது! அதைத் தூர்வாரிச் செம்மை செய்வது, புதுக் கருவி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நம் பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் கடினத்தன்மையை அளக்கும் சோதனையைச் செய்ய இயலும். ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஒரு மாணவி ஒரு புட்டிக் கிணற்று நீர் கொண்டுவரட்டும். மேல் வகுப்பு மாணவியர் ஆசிரியை முன்னிலையில் அளக்கட்டும். விடுதிக் கிணற்று நீரையும் மதர் அவர்கள் கொடுத்து உதவட்டும். முடிவுகளைத் தெருவாரியாக அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்போம். பெற்றோர் அதைக் கண்டபின் கடைக்குச் செல்லட்டும். படித்த படிப்பு அடுக்களைக்கும் அண்டை வீட்டிற்கும் பயன்பட வேண்டாமா, தோழியரே? வரும் கோடைக்கு முன்பே இதனைத் தொடங்குவோம்!