கார்டு மாற்றுவது இன்றோ, நாளையோ?

கணினி கொண்டு கற்கும் மாணவர் இருவர் ஓரிடத்தே கூடுவராயின், கிராபிக்ஸ் கார்டை இப்பொழுதே மாற்றுவதா, அன்றி அடுத்த வரிசை வரும்வரை பொறுத்திருப்பதா என்னும் வாதம் எழாமற் போவதில்லை. வெளியார்க்கு இஃது அற்ப விஷயமாகத் தோன்றலாம். ஆயினும் நடுத்தரமான ஒரு கார்டின் விலை நம்மிற் பலருடைய வீட்டில் ஒரு மாதச் சம்பளத்துக்கு நிகராகும். சில வீடுகளில் அதனினும் மேற்பட்டதாகும். ஆதலின் இதனை விளையாட்டுப் பேச்சென்று தள்ளிவிட யாம் உடன்படோம்.

வாதிப்போர் இருதிறத்தார். ஒரு திறத்தார் 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்பர். மற்றைத் திறத்தார் 'ஆறிய கஞ்சி பழங்கஞ்சி' என்பர். பழமொழி இருபக்கத்துக்கும் குறைவின்றிக் கிடைத்தலால், பழமொழியைக் கொண்டு வழக்குத் தீராது. நடந்ததை நோக்குவோம்.

2020-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் என்விடியா நிறுவனத்தார் ஆர்.டி.எக்ஸ். 30 என்னும் வரிசையை அறிவித்தனர். 2018-ல் 1,000 டாலர் அளவில் விலைபெற்ற 2080 டிஐ என்னும் கார்டுக்கு ஈடானது, 3070 என்னும் பெயரில் 499 டாலருக்கு வரும் என்றனர். கேட்ட மாத்திரத்தே, மேனாடுகளில் பழைய கார்டை வைத்திருந்தோர் பலர் அதனைப் பாதிவிலைக்குத் தள்ளிவிட்டனர். பின்பு நிகழ்ந்தது யாது? பெருந்தொற்றினால் வீட்டுள் அடைபட்டோர் யாவரும் கணினி தேடினர். சிப் உற்பத்தி அத்தேவைக்கு எட்டவில்லை. எதிரியம் என்னும் மின்னாணயத்தைத் திரட்டுவோர் வேறு கார்டுகளை வாரிக்கொண்டு போயினர். 699 டாலர் என்று அறிவிக்கப்பட்ட 3080, மறுவிற்பனையில் அதன் இருமடங்குக்கும் விலைபோயிற்று. அவசரப்பட்டு விற்றவர் கையில் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. 2022 செப்டம்பரில் எதிரியம் தன் முறையை மாற்றிக்கொள்ளவே, கார்டு கொண்டு அதனைத் திரட்டும் தொழில் ஒழிந்தது. அவ்வாண்டில் விலைகள் இறங்கின; திரட்டுவோர் பயன்படுத்திய கார்டுகள் சந்தையிற் குவிந்தன. அதுகாறும் பொறுத்திருந்தோர் நயமாக வாங்கினர் என்பது மெய்யே. எனினும் அவருள் எத்தனை பேர் இதனை முன்னறிந்து பொறுத்தனர்?

பொறுமைக்கும் ஒரு விலை உண்டு. அதனை நம்மவர் கணக்கில் எழுதுவதில்லை. 2022 நவம்பரில் 1,199 டாலருக்கு வந்தது 4080. 2024 ஜனவரியில் சற்றே மேம்பட்ட 4080 சூப்பர் 999 டாலருக்கு வந்தது. பதினான்கு மாதம் காத்திருந்தவருக்கு மிச்சம் 200 டாலர். பொழுதுபோக்குக்காக வாங்குபவருக்கு அது நல்ல மிச்சம். அப்பதினான்கு மாதமும் படம் தீட்டிக் கூலி பெற்றிருக்கக் கூடியவருக்கோ அது பெருநஷ்டம்.

மேடையிற் சொல்லப்படுவதைக் கொண்டு தீர்மானிப்பதும் தகாது. 2025 ஜனவரியில், 549 டாலர் விலையுள்ள 5070 என்பது 1,599 டாலர் விலையுடன் வந்த 4090-க்கு ஒப்பாகும் என்று பறைசாற்றினர். கார்டு மெய்யாகவே வரையும் பிரேம்களோடு, இடையிடையே ஊகித்துச் செருகும் பிரேம்களையும் சேர்த்து எண்ணிய கணக்கு அது. அவ்வாறு செருகியதை நீக்கி அளந்தவிடத்து, 5070 வெகுதூரம் பின்தங்கியது. அவ்வாண்டின் பிற்பகுதியிலோ, செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் மெமரி சிப்புகளை விழுங்கத் தொடங்கியமையால் மெமரியின் விலை ஏறிற்று. இதனையெல்லாம் கணித்துக் கார்டு வாங்கப் புகுவது, சோதிடரைக் கேட்டுக் குடை வாங்குவதை ஒக்கும்.

ஆதலின் சந்தையை விடுத்து, நம் மேசைமேல் உள்ள வேலையையே நோக்கவேண்டும் என்பது எம் கருத்து. வேலை தடைப்படுகின்றதா? தடைப்படின், தடுப்பது கார்டுதானா? இவ்விரண்டாம் வினாவைக் கேட்போர் மிகச் சிலர். விளையாட்டு தத்தளிக்குமாயின், ரெசல்யூஷனைக் குறைத்து ஒருமுறை ஓட்டிப் பார்க்க. வேகம் துள்ளி ஏறுமாயின் குற்றம் கார்டினது. சிறிதும் அசையாதாயின் பெரும்பாலும் பிராசசரே பின்தங்கி நிற்கின்றது. எத்துணை உயர்ந்த கார்டை மாட்டினும் பயனில்லை. டெக்ஸ்ச்சர் அளவை மட்டும் தாழ்த்தியபோது தடுமாற்றம் நீங்குமாயின், குறைவது வேகமன்று, கார்டிலுள்ள மெமரி. படம் தீட்டுவோரும், செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவோரும் இதனையே முதலிற் கருதல் வேண்டும். மாதிரி மெமரியில் அடங்காதாயின் வேலை நின்றுவிடும். அன்றி நத்தைபோல் நகரும். 2021-ல் 329 டாலருக்கு வந்த 12 ஜி.பி. கொண்ட 3060, தன்னினும் வேகம் மிக்கதும் 8 ஜி.பி.யே உடையதுமான 3070 முடிக்கமாட்டாத சில வேலைகளை முடித்துவிடும். வேகப் பட்டியலை மாத்திரம் பார்ப்போர்க்கு இது புலப்படாது.

தடை மெய்யென்று தெளிந்து, பணமும் கடனின்றிக் கையிலிருக்குமாயின், இன்றே வாங்குக. அடுத்த மாதத்துச் செய்தியைப் பாராதிருக்க. பவர் சப்ளையின் திறன் போதுமா, பெட்டியினுள் கார்டின் நீளம் அடங்குமா என்பவற்றை மட்டும் முன்னரே பார்த்துக்கொள்க. தடை யாதுமின்றி, அடுத்த அறைத் தோழன் வாங்கினான் என்பதே காரணமாயின், வாங்குவதும் வேண்டா, காத்திருப்பதும் வேண்டா. காத்திருத்தல் என்று பெயரிட்டு நாள்தோறும் விலைப்பட்டியல் புரட்டுவோர் படிப்புக்குரிய பொழுதைச் செலவிட்டு வருகின்றனர்.

ஆண்டிறுதித் திட்டவேலை ஒன்றுக்காக மட்டும் பெரிய கார்டு தேவைப்படும் மாணவருக்கு மூன்றாம் வழியும் உண்டு. மணிக்கணக்கில் வாடகைக்குக் கார்டு தரும் நிலையங்கள் இணையத்தில் உள. கூகிள் கோலாப் ஓரளவு இலவசமாகவே இடம் கொடுக்கின்றது. நாற்பது மணி நேர வேலைக்காக நான்கு ஆண்டுக்குரிய கார்டை வாங்கவேண்டுவதில்லை. பழைய கார்டு வாங்கத் துணிவோர், விற்பவர் வீட்டிலேயே அதனை அரைமணி நேரமேனும் கடும் வேலையில் ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்த பின்னரே பணத்தை எடுக்க.