கறுப்பு ஏன் சாம்பலாயிற்று?

பழைய திருமண ஒளிநாடாக்களை இறுவட்டுக்கு மாற்றுவிக்கும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. பூஞ்சணம் பிடிப்பதற்கு முன் அதைச் செய்துகொள்வது நன்றே. ஆயின் மாற்றிய இறுவட்டைப் போட்டுப் பார்க்கும்போது மணமகளின் கருங்கூந்தல் நரைத்தாற்போலத் தோன்றுகின்றது. அல்லது பந்தலின் ஓரத்தில் அமர்ந்திருந்த அம்மம்மா இருளோடு இருளாய் மறைந்துவிடுகின்றார். நாடா பழையது என்று கூறி அமைந்துவிடுகிறோம். பெரும்பாலும் பிழை நாடாவினதன்று, கறுப்பு நிலையினது.

கறுப்பு எந்த மட்டத்தில் தொடங்குவது என்பதில் நாடுகள் ஒத்துப்போகவில்லை. பழைய நாடா முறையில் முழு வெண்மையை 100 அலகு என்று கொண்டால், அமெரிக்காவிலும் கனடாவிலும் வழங்கிய என்.ரி.எஸ்.சி. முறையிலே கறுப்பு 7.5 அலகில் நின்றது. இலங்கையிலும் இந்தியாவிலும் உள்ள பி.ஏ.எல். முறையிலே அது 0. இறுவட்டின் கணக்கோ வேறு. அதில் ஒளியின் படிகள் 0 முதல் 255 வரை எண்ணப்படும்; 16 கறுப்பு, 235 வெள்ளை.

இனி, ரொறன்ரோவிலிருந்து உறவினர் அனுப்பிய கலியாண நாடா ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் கறுப்பு 7.5இல் உள்ளது. மாற்றும் இயந்திரமோ 0 என்பதையே கறுப்பாகக் கொள்ளுமாறு அமைந்துள்ளது. அப்போது 16இல் பதியவேண்டிய கறுப்பு ஏறத்தாழ 32இல் பதிகின்றது. படம் முழுவதும் புகை படிந்தாற்போலாகிவிடும். இதற்கு மாறாக, 0 முறை நாடாவை 7.5 முறைக்கு அமைந்த இயந்திரத்தில் இட்டால், நிழலில் உள்ளவையெல்லாம் 16க்குக் கீழே அமுங்கும். இயந்திரம் அவற்றை அங்கேயே வெட்டிவிட்டால், பின்னர் எத்துணை முயன்றாலும் மீளா. சாம்பலாய்ப் போனதை ஒளியைக் குறைத்து ஒருவாறு சீர்செய்யலாம். வெட்டுண்ட அம்மம்மாவை எவராலும் மீட்க முடியாது. ஆதலின் தவறவே நேரிடின், சாம்பற் பக்கம் தவறுவதே மேல் என்பது நம் கருத்து.

குற்றம் இறுவட்டினதா, வீட்டுப் பெட்டியினதா என்று அறிவது எப்படி? அதே கருவியில் நன்கு தயாரிக்கப்பட்ட திரைப்பட இறுவட்டு ஒன்றை ஓட்டிப் பாருங்கள். அகலத்திரைப் படமாயின் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் இருக்கும். அவையே சாம்பலாய்த் தெரிந்தால் பெட்டியின் ஒளியமைப்பு பிழை. அல்லது இயக்கும் கருவியின் கறுப்பு நிலை பிழை. (பின்னொளியால் இயங்கும் திரைகள் இருட்டறையில் முற்றாய்க் கறுப்பதில்லை என்பதையும் நினைவிற் கொள்க.) பட்டைகள் கறுத்திருக்க இராக்காட்சி மட்டும் வெளிறினால், குற்றம் இறுவட்டிலோ மூலப் படச்சுருளிலோ உள்ளது. கணினியிலிருந்து பெட்டிக்குப் படம் அனுப்புவோர்க்கு இன்னொரு தொல்லையுண்டு. கணினி 0 முதல் 255 வரை அனுப்ப, பெட்டி 16ஐக் கறுப்பென்று கொண்டால் நிழல்கள் அழியும். இரண்டையும் ஒரே அமைப்பில் வைத்தால் போதும்.

இருண்டவை அனைத்தும் குற்றமல்ல. 1972இல் வெளிவந்த 'த கோட்பாதர்' படத்தில் ஒளிப்பதிவாளர் கோர்டன் வில்லிஸ் மார்லன் பிராண்டோவின் கண்களை வேண்டுமென்றே நிழலில் விட்டார். சகாக்கள் அவரை 'இருளின் இளவரசர்' என்றே அழைத்தனர். அக்கண்களைக் காண்பதற்காக ஒளியைக் கூட்டுபவர் அவருடைய உழைப்பையே கலைக்கின்றார்.

நாடாவைக் கடையிற் கொடுக்கும்போது, அது எந்த நாட்டில் பதிவானது என்பதைக் கட்டாயம் கூறுங்கள். இறுவட்டை வீட்டிலே இறுதிவரை பார்த்து, நிழலில் நிற்பவர்களின் முகங்களை எண்ணிக்கொள்ளும் வரை நாடாவை எறிந்துவிடாதீர்கள்.