“மேலூர்ல எங்கே தம்பி?”

வங்கியில் வேலைக்குச் சேர்கிற அன்று இரண்டு பாடம் நடக்கும். ஒன்று நிர்வாகம் நடத்துவது. ஜாயினிங் ரிப்போர்ட், வவுச்சர், கேஷ் கவுண்டர், பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாதே. மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். இன்னொன்று சாப்பாட்டு மேசையில் ஆரம்பிக்கும். ரிட்டயர் ஆகிறவரை முடியாது.

“சொந்த ஊர் எது தம்பி?”

“மேலூர்ப் பக்கம் சார்.”

“மேலூர்ல எங்கே?”

சொன்னேன்.

“ஊருக்குள்ளயா, கண்மாய்க்கு அந்தப் பக்கமா?”

அந்தப் பக்கம் என்றேன். கேட்டவர் சிரித்தார். என் பக்கம் நீட்டியிருந்த ஊறுகாய் பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். திட்டவில்லை, அடிக்கவில்லை. ஊறுகாயை மூடியதற்கு 1989ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பிரிவு இருக்கிறதா என்ன?

ஊறுகாய்க்கும் அரிவாளுக்கும் ரொம்ப தூரம் என்று நண்பர்கள் சமாதானம் சொல்கிறார்கள். அதே மேலூர்ப் பக்கத்தில்தான், ரிசர்வ் ஆன ஊராட்சியில் ஜெயித்துத் தலைவரான மேலவளவு முருகேசனையும் கூட ஐந்து பேரையும் 1997 ஜூன் 30இல் வெட்டிக் கொன்றார்கள். புதிதாக நாற்காலிக்கு வந்தவருக்குச் சாதி கொடுத்த வரவேற்பு அது. 2018 ஜூலையில் அவிநாசிப் பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளிக்குச் சத்துணவு சமைக்க வந்த நம் பெண்ணைச் சமைக்க விடவில்லை. அதிகாரி யாரை மாற்றினார்? அந்தப் பெண்ணைத்தான். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் உத்தரவு ரத்தானது.

வெளிநாட்டில் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தான வேலைக்குப் போன அம்பேத்கரை, தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து தடிகளோடு வந்து விரட்டியது நமக்கெல்லாம் மனப்பாடம். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ குறிப்புகளில் அவர் பதிவு செய்திருக்கும் இன்னொரு ஆள் மனப்பாடம் இல்லை. வெறும் குமாஸ்தா அல்லவா!

அந்த இளைஞர் குஜராத்தின் துப்புரவுச் சாதியில் பிறந்தவர். 1936 பிப்ரவரியில் கேடா மாவட்டம் போர்சத் தாலுகா ஆபீசில் தலாத்தி வேலைக்குச் சேர்கிறார். தலாத்தி என்றால் நம்ம ஊர்க் கணக்குப்பிள்ளை மாதிரி. ஆபீஸ் தண்ணீர்ப் பாத்திரத்தை அவர் தொடக்கூடாது. அவருக்கென்று துருப்பிடித்த சின்னப் பாத்திரம் ஒன்று. அதையும் தண்ணீர்க்காரன்தான் ஊற்ற வேண்டும். இவர் வருவதைப் பார்த்ததும் அவன் நழுவிவிடுவான். தாகத்தோடு வேலை பார்த்த நாட்கள் கொஞ்சநஞ்சமில்லை என்கிறார். குடியிருக்க வீடு எந்தச் சாதி இந்துவும் தரவில்லை. தீண்டப்படாத மக்களும் தரவில்லை. சாதி இந்துக்களுக்குக் கோபம் வருமே என்று பயம்.

இந்தக் கடைசி வரியில்தான் எனக்குச் சண்டை.

என் கிளையில் நான் சேர்ந்தபோது நம்மாள் ஒருவர் இருந்தார். பதினெட்டு வருஷ சர்வீஸ். ஊறுகாய் பாட்டில் உள்ளே போனதைப் பார்த்தார். குனிந்து சாப்பிட்டார். நாலு மாதம் கழித்து மாட்டுத்தாவணியில் என்னை ஓரமாக இழுத்துச் சொன்னார்: “தம்பி, நானும் நம்ம ஆளுதான். ஆபீஸ்ல சொல்லிராதீங்க.” அவர் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. வாடகை வீடு, வயசுக்கு வந்த பெண்பிள்ளைகள், மதுரையில் வீட்டுக்காரர் முதலில் என்ன கேட்பார் என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த நாலு மாதம் நான் தனியாக அல்லவா சாப்பிட்டேன்?

நம் ஊழியர் சங்கங்களைக் கேட்கிறேன். ஏப்ரல் 14க்கு மாலை, டிசம்பர் 6க்கு அஞ்சலி, வருஷத்துக்கு ஒரு டைரி. இதுக்கா சந்தா? புதிதாக ஒரு பையனோ பெண்ணோ சேர்கிற அன்று சங்கத்து ஆள் ஒருவர் அந்தச் சாப்பாட்டு மேசையில் உட்கார வேண்டாமா? இடஒதுக்கீட்டுக்கென்று தொடர்பு அதிகாரி ஒருவர் இருக்கிறார் என்பதையே நான் மூன்றாம் வருஷம்தான் தெரிந்துகொண்டேன். ரோஸ்டர் என்றால் எத்தனை பேருக்குத் தெரியும்? 1997 ஜூலை 2 ஆணைக்குப் பிறகு காலியிடத்தை வைத்தல்ல, பணியிடத்தை வைத்துத்தான் கணக்கு. இதை முதல் வாரமே சொல்லிக்கொடுத்தால், “கோட்டாவா தம்பி?” என்று கேட்கிறவனிடம் தலைகுனிய மாட்டான். “ஆமா சார், உங்க கிளையில எங்க இடம் எத்தனை பாக்கி?” என்று திருப்பிக் கேட்பான்.

தேர்வு எழுதிக் காத்திருக்கும் மாணவர்களே, எங்களை நம்பி வராதீர்கள் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. இப்போதைக்கு அதுதான் உண்மை.

மாட்டுத்தாவணிக்காரர் ரிட்டயர் ஆக இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது. அடுத்த சங்கக் கூட்டத்தில் அவர் எதிரிலேயே இதை வாசிக்கப் போகிறேன். பெயர் சொல்ல மாட்டேன்.