சிரிப்பின் விலை

சிரிக்க வைப்பவனுக்கு நேர்மை எதற்கு, கூட்டம் சிரித்தால் போதாதா என்று கேட்பவர்கள் இலக்கிய வாசகர்களிடையேயும் இருக்கிறார்கள். ஒரு கவிஞனைப் பற்றி இவர்கள் இப்படிக் கேட்கத் துணிய மாட்டார்கள். தனியாளாக மேடையேறிப் பேசும் ஸ்டாண்ட்-அப் நகைச்சுவையை நாம் இன்னும் கலையாக மதிக்கவில்லை என்பதற்கு இக்கேள்வியே சான்று.

ஜார்ஜ் கார்லினை (1937–2008) எடுத்துக்கொள்வோம். 1960களில் கோட்டும் டையும் அணிந்து, அமெரிக்கத் தொலைக்காட்சியில் எவரையும் உறுத்தாத நகைச்சுவை செய்து நன்றாகச் சம்பாதித்தவர். 1970 வாக்கில் அந்த வேடத்தைக் களைந்தார். லாஸ் வேகாஸ் விடுதி ஒன்று அவரை வெளியேற்றியது. தொலைக்காட்சியில் உச்சரிக்கக் கூடாத ஏழு சொற்களைப் பற்றிப் பேசியதற்காக 1972இல் மில்வாக்கியில் கைதானார். அதே பொருளிலான அவரது பதிவை 1973இல் நியூயார்க் வானொலி நிலையம் ஒலிபரப்பியது. அவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1978இல் 5க்கு 4 என்ற கணக்கில் நிலையத்துக்கு எதிராக முடிந்தது.

இவற்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, வாய்க்கு வந்ததைப் பேசுவதே துணிச்சல் என்போர் கார்லினைத் துணைக்கு அழைக்கிறார்கள். பெண்களையும் தன்பாலீர்ப்பினரையும் குடியேறிகளையும் கேலிப்பொருளாக்கிய ஆண்ட்ரூ டைஸ் கிளேயைப் பற்றி 1990இல் லாரி கிங் அவரிடம் கேட்டார். கிளேயின் பேச்சுரிமையைக் கார்லின் மறுக்கவில்லை. ஆனால் நகைச்சுவை மரபாகக் குறிவைத்து வந்தது அதிகாரத்தில் இருப்பவர்களைத்தான் என்று சுட்டிக்காட்டினார். உரிமை வேறு, நேர்மை வேறு.

என் அளவுகோல் எளியது: சிரிப்பின் விலையை யார் கொடுக்கிறார்கள்? எளியவனை இகழ்ந்து பெறும் சிரிப்புக்கு அந்த எளியவன் கொடுக்கிறான். பழைய சரக்கையே ஊர் ஊராக விற்றால் ரசிகன் கொடுக்கிறான். கார்லின் தானே கொடுத்தார். 1977 முதல் 2008 வரை எச்.பி.ஓ.வில் 14 தனிநிகழ்ச்சிகள் வழங்கினார். ஒன்று முடிந்ததும் அதை ஒதுக்கிவிட்டு அடுத்ததற்கு மீண்டும் எழுத உட்கார்ந்தார். கைதட்டல் உறுதியென்று தெரிந்த வரிகளைக் கைவிடுவது எவ்வளவு கடினம் என்பது எழுதுகிறவர்களுக்குத் தெரியும்.

பிற்கால நிகழ்ச்சிகளில் நகைச்சுவையை விடக் கசப்பே மேலோங்கியது என்ற குறையை நான் மறுக்கவில்லை. தோற்கவும் தயாராக இருந்ததால்தான் அவரால் அவ்வளவு காலம் நீடிக்க முடிந்தது. கடைசி நிகழ்ச்சி 2008 மார்ச்சில் நடந்தது. அப்போது அவருக்கு வயது 70. ஜூனில் மறைந்தார். சிரித்தால் போதாதா என்பவர்கள், அந்த வயதில் அவர் எதற்காகப் புதிதாக எழுதினார் என்பதற்கு முதலில் பதில் சொல்லட்டும்.