வீட்டுத் தோட்டம்: அம்மா தந்த குண்டுமல்லி

“மல்லிகை தளதளவென்று வளர்கிறது, மொட்டுதான் இல்லை. இன்னும் கொஞ்சம் யூரியா போடட்டுமா?” என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வேண்டாம் அம்மா, வேண்டவே வேண்டாம்! நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

எங்கள் கொல்லையில் ஒரு குண்டுமல்லி. என் அம்மா தன் கையால் பதியன் போட்டுத் தந்தது. 2009-ல் அம்மா தவறிப்போனார். அந்த வருஷம் பார்த்துச் செடியும் வெளிறிப்போய் நின்றது. பக்கத்து வீட்டு அக்கா, “யூரியா போடேன்” என்றார். நானும் கை நிறைய அள்ளித் தூரிலேயே கொட்டினேன். தண்ணீர்கூடச் சரியாக ஊற்றவில்லை. நாலாம் நாள் இலையோரமெல்லாம் கருகல்! திண்ணையில் உட்கார்ந்து அழுதேவிட்டேன்.

மாமியார்தான் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு வந்தார். “மண்ணு கல்லாட்டம் கெடக்கு. வேர் எப்படிடி மூச்சு விடும்?” என்றார். மேல்மண்ணை இரண்டு அங்குலம் வழித்தெடுத்துவிட்டு, மிச்ச உப்பு கரைந்து கீழே இறங்கும்படி குடம் குடமாய்த் தண்ணீர் விட்டோம். அப்புறம் ஒரு மாதம் எந்த உரமும் இல்லை.

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. அளவு மிஞ்சினால் வேர் கருகும். கருகாவிட்டாலும் செடி இலையாகவே தள்ளும். பூவுக்கு மணிச்சத்தும் சாம்பல்சத்தும் சேர்ந்து வேண்டும். இன்னொன்று, யூரியா பார்க்க ஜவ்வரிசி மாதிரியே இருக்கும். சமையலறைப் பக்கமே வைக்காதீர்கள். குழந்தைகள் வாயில் போட்டுவிடும்.

எங்கள் மண் களிமண். வேர் அறுபடாமல் சுற்றிலும் கொத்தி, மணலும் நன்றாக மக்கிய சாண எருவும் கலந்தோம். பச்சைச் சாணம் கூடாது, சூட்டில் வேர் வெந்துபோகும். கார்த்திகைக் கடைசியில் கவாத்து. அதன்பின் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கடலைப் பிண்ணாக்குத் தண்ணீர்: 100 கிராம் பிண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் மூடி ஊறவைத்து, தெளிவை எடுத்து ஒன்றுக்குப் பத்தாய் நீர் கலந்து ஊற்றுங்கள். (நாற்றம் சகிக்காது. எங்கள் வீட்டுக்காரர் வாசல் பக்கமாகவே போய்வந்தார்!) தூரைச் சுற்றிக் காய்ந்த சருகு பரப்பினால் வெயிலுக்கு ஈரம் காக்கும்.

பங்குனியில் ஏழே ஏழு மொட்டு. மாமியார் தொடுத்துக் கொடுக்க, அம்மா படத்துக்குப் போட்டேன்.

சகோதரி, முதலில் யூரியாவை நிறுத்துங்கள். மழை விட்டதும் மண்ணைக் கொத்திப் பாருங்கள். மொட்டு விட்டதும் எனக்கு எழுதுங்கள்.